பாகு பொங்கும் நேரம்

கடலை மிட்டாய் போடுகிறவருக்கு டீ குடிக்க ஒழியும் நேரம் சாயங்காலம் ஐந்தரை மணி. அன்றையப் பாகு முடிந்து, கடைசிப் பலகையும் வெட்டி அடுக்கியான பிறகு, கையிலிருக்கும் வெல்லப் பிசுக்கை வெந்நீரில் கழுவிவிட்டு வருவார். கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் நான் முன்னமே உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் 31 வருசம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர். இப்போது அவர் மகன் பிளஸ் ஒன்.

போன வருசம் ஆடி மாதம், காற்று மண்ணை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"சார், இந்த செல்போன் கேமுக்கு ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்காங்களாமே. மாத்திரைகூடக் கிடையாதாம், பேசியே சரி பண்ணுவாங்களாம். பேசுனா தீருமா சார்? நாங்க பேசாத பேச்சா?"

பையன் ராத்திரி இரண்டு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சத்தோடு கிடக்கிறான். பரீட்சையில் நாலு பாடம் போச்சு. போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததற்கு இரண்டு நாள் சோறு தின்னவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டு வரும் தாயைப் பிடித்துத் தள்ளிவிட்டான். கடைசி விசயத்தைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. "அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்ல சார்."

அன்றைக்குத் தொடங்கிய பேச்சு அந்த பெஞ்சிலேயே பல மாதம் ஓடியது. நான் படித்ததை அவருக்குச் சொன்னேன், அவர் வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னார். "எழுதுங்க சார், நாலு பேருக்கு ஆகும்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

அவர் கேட்டது நேரான கேள்வி, தீருமா தீராதா என்பது. அதற்குப் பதில் சொல்லுமுன் அவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அதை அடையாளம் காண அவர்கள் சொல்லும் மூன்று குறிகள்தான் என் கேள்விகள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற பிடி அவன் கையை விட்டுப் போய்விட்டதா? சாப்பாடு, தூக்கம், படிப்பு, கூட்டாளிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் கேம் வந்து நிற்கிறதா? கெடுதல் நடக்கிறது என்று கண்ணால் பார்த்தும் தொடர்கிறானா? மூன்றும் சேர்ந்து, ஏறக்குறைய 12 மாதம் நீடித்து, வாழ்க்கையைப் பாதித்திருந்தால்தான் அந்தப் பெயர்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் சண்டை முழுக்க மணிக்கணக்கில்தான் நடக்கிறது. சனிக்கிழமை நாலு மணி நேரம் ஆடிவிட்டு, அம்மா கூப்பிட்டால் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற பையன் நோயாளி இல்லை. 17 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளிவந்த ஒரு கணக்கு, 100 பேரில் 3 பேருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் என்கிறது. ஆட்களைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அது 2 ஆகக் குறைகிறது. ஆகவே போன் பிடித்த பிள்ளையை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் இவர் மகனுக்கு மூன்று கேள்விக்கும் 'ஆமா' என்றுதான் பதில் வந்தது, ஒன்றரை வருசமாக.

"இவன் மட்டும் ஏன் சார் இப்படி மாட்டிக்கிட்டான்?"

இவருக்கு ஊரில் இரண்டு குறுக்கம் கரிசல் காடு உண்டு, மானாவாரி. அதை வைத்தே கேட்டேன்.

"மூணு வருசம் மழை ஏமாத்தி, நாலாவது வருசம் உளுந்து அள்ளிக் குடுத்துச்சுன்னு வையி. அஞ்சாவது வருசம் விதைக்காம விட்டிருவியா?"

"எப்படி சார் விட முடியும்? இந்த வருசமும் குடுக்கும்னுதான் மனசு சொல்லும்."

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கு மனித மனம் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். 1950-களில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் புறாக்களிடம் பார்த்தார். கொத்தினால் எப்போதும் தானியம் விழும் என்றால், விழுவது நின்றதும் புறா சீக்கிரமே விட்டுவிடும். சில கொத்துக்கு விழும், சில கொத்துக்கு விழாது, எதற்கென்று தெரியாது என்று வைத்தால் அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். கரிசல்காட்டுக்காரன் வருசத்துக்கு ஒரு முறை படுகிற அந்தத் தவிப்பை, போனில் உள்ள ஆட்டம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்கிறது. விதைப்பவனுக்கு அந்தப் பிடிவாதம் உயிர். அதே பிடிவாதத்தைப் பதினாறு வயதுப் பையனிடமிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கறந்தால் அவனிடம் என்ன மிஞ்சும்? சுழற்றினால் விழும் அதிர்ஷ்டச் சக்கரம், எப்போது திறக்கும் என்று தெரியாத பெட்டி, இன்னும் ஒரே ஒரு ஆட்டத்தில் ஏறிவிடும் ரேங்க் எல்லாம் தெரிந்தே செய்து வைத்தவை. பிள்ளையின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் இதைப் பார்ப்பது அவனுக்கு நாம் செய்யும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்தவர்களில் நானும் ஒருவன். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் சில இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். பேசினால் தீருமா என்பதை எப்படிச் சோதிப்பது?

கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு புது உரம் நல்லதா என்று அங்கே எப்படிப் பார்ப்பார்கள்? ஒரே மண்ணில் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சிலவற்றுக்கு உரம் போட்டு, சிலவற்றுக்குப் போடாமல் விடுவார்கள். எந்தப் பாத்திக்குப் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அப்போதுதான் விளைந்தது உரத்தாலா, அந்த வருசத்து மழையாலா என்று தெரியும். உரம் போட்ட பாத்தியை மட்டும் காட்டி "பார், எப்படி விளைந்திருக்கிறது" என்று சொல்கிறவனை விவசாயி நம்ப மாட்டான். கவுன்சலிங் விசயத்திலும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு பாத்திச் சோதனையை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நாலு இடங்களில் செய்தார்கள். மைன்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாவுஸ் வோல்ஃப்லிங் என்பவர் அதை முன்னின்று நடத்தினார். முடிவு 2019-ல் வெளிவந்தது. இணையத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் அடிமையான 143 ஆண்கள். சீட்டுக் குலுக்கி 72 பேருக்கு உடனே சிகிச்சை. மற்ற 71 பேரை வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள். சிகிச்சை என்பது வாரம் ஒரு முறை என 15 குழு அமர்வுகள், அதோடு தனியாக 8 வரை. முடிவில், சிகிச்சை பெற்ற 72 பேரில் 50 பேர் அந்தக் கோளாற்றிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். காத்திருந்த 71 பேரில் 17 பேர் வந்திருந்தார்கள்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "நூத்துக்கு எழுபதுக்குக் கிட்ட வருது. சும்மா இருந்தவங்களுக்கு இருபத்தி நாலு."

"ஆமா. அந்த இருபத்தி நாலையும் பாரு."

காத்திருந்தவர்களில் நாலில் ஒருவர் ஏன் சரியானார்? சிலருக்கு வேலை கிடைத்திருக்கும், சிலருக்கு அலுத்துப் போயிருக்கும். உதவி தேடி வந்ததே சிலருக்கு ஒரு திருப்பமாக இருந்திருக்கும். காத்திருந்தவர்கள் என்ற பாத்தி இல்லாவிட்டால் இப்படித் தானாகச் சரியாகிறவர்களையும் வைத்தியத்தின் வெற்றியாக எழுதியிருப்பார்கள். நம் ஊரில் "என்னிடம் வந்த நூறு பேரில் தொண்ணூறு பேர் குணம்" என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, உரம் போடாத பாத்தி எங்கே என்பதுதான்.

அப்படியானால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கு சிங்கப்பூரில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே 3,034 பள்ளிப் பிள்ளைகளை இரண்டு வருசம் பின்தொடர்ந்து பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் கடுமையாகச் சிக்கியிருந்த பிள்ளைகளில் 100-க்கு 84 பேர் இரண்டு வருசம் கழித்தும் அங்கேயே இருந்தார்கள். அதில் இன்னொன்றும் தெரிந்தது. மனச்சோர்வும் பதற்றமும் படிப்பில் சரிவும், சிக்கிய பிறகு கூடின. அவன் சோம்பேறியாக இருப்பதால் கேம் ஆடுகிறான் என்று நாம் சொல்லும்போது, பாதிக் கதையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

டீக்கடைக்காரர் இரண்டாவது டீ கொண்டுவந்து வைத்தார். "அப்படி என்னதான் சார் பேசுவாங்க? புத்திமதிதானே?"

புத்திமதி அங்கே மிகக் குறைவு. அந்த முறையை டாக்டர்கள் சிபிடி என்று சுருக்கிச் சொல்வார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பழக்கும் சிகிச்சை. அதில் பாதி வேலை நோட்டில் நடக்கும். எத்தனை மணிக்கு ஆட வேண்டும் என்று தோன்றியது, அப்போது எங்கே இருந்தாய், மனசு எப்படி இருந்தது, ஆடினாயா, ஆடி முடித்ததும் எப்படி இருந்தது என்று தானே எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வாரம் எழுதினால் அவனுக்கே ஒரு தடம் தெரிய ஆரம்பிக்கும். கணக்கு டியூசன் முடிந்த பிறகுதான் அதிகம், அப்பா கத்திய ராத்திரிகளில்தான் விடிய விடிய, அம்மா வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை குறைவு என்று. கேம் மேல் உள்ள ஆசை எங்கிருந்தோ வந்து விழுவதில்லை, ஒரு வாசல் வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்வது முதல் படி.

அடுத்தது, அந்த நேரத்தில் மனசு சொல்லும் வசனத்தைப் பிடிப்பது. 'இன்னும் ஒரே ஒரு மேட்ச்.' 'இப்ப போனா டீம் தோத்துரும்.' 'நான் உருப்படப் போறதில்ல, இதுலயாவது ஜெயிப்போம்.' இந்த வசனங்களைக் காகிதத்தில் எழுதி, இது உண்மையா என்று அவனையே கேட்க வைப்பார்கள். கடைசி வசனம்தான் பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கும். ஜெர்மன் முறையில் சிக்கலுக்குக் காரணமான அந்த ஒரு ஆட்டத்தைக் கொஞ்ச காலம் முழுக்க விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். போனையோ இணையத்தையோ விடச் சொல்வதில்லை. படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அப்படி விட்டிருக்கும் நாட்களில்தான் ஆசையின் வேகம் ஏறி வரும். எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை. அதை எப்படித் தாங்குவது என்பதைச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சையின் நடுநாயகம். அவருக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அதனால் அவர் தொழிலைக் கேட்டேன்.

"பாகு பொங்கிட்டு வரும்போது என்ன செய்வ?"

"தீய இழுத்துட்டு, துடுப்பு போட்டுக் கிண்டிக்கிட்டே நிப்பேன் சார்."

"பயந்து சட்டியத் தூக்கிக் கொட்டிர மாட்டியா?"

"கொட்டுனா வெல்லம் போச்சே. அது பொங்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்தா தானா அமரும். அமந்த பிறகுதான் பதமே வரும்." ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து, இரண்டு விரலால் ஒடித்துக் காட்டுவதுபோலக் காற்றில் காட்டினார். "டக்குன்னு ஒடியணும்."

"ஆசையும் அப்படித்தான். ஏறும், உச்சிக்குப் போகும், நீ ஒண்ணுமே செய்யாட்டாலும் இறங்கும். இதுவரைக்கும் உன் மகன் அது இறங்குறதப் பார்த்ததே இல்ல. ஏற ஆரம்பிச்சதுமே போனை எடுத்துருவான். அது தானா இறங்கும்னு ஒரு தடவை, ரெண்டு தடவை அவன் கண்ணால பார்த்தா, மூணாந்தடவை பயம் குறையும். பக்கத்துல நின்னு துடுப்பு போடச் சொல்லிக்குடுக்கறதுதான் கவுன்சலரோட வேலை."

வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. கிளாசின் அடியில் கிடந்த சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க சட்டியத்தான் தூக்கிக் கொட்டிக்கிட்டிருந்திருக்கோம்" என்றார்.

சட்டியைக் கொட்டுகிற வேலையை அரசாங்கங்களும் செய்து பார்த்திருக்கின்றன. தென்கொரியா 2011-ல், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பத்து வருசம் வைத்திருந்து, 2022 தொடக்கத்தில் எடுத்துவிட்டது. சீனாவில் சிறுவர்களின் ஆட்ட நேரத்துக்கு 2019-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பதிவான 700 கோடி மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆட்டத்தை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2023-ல் வந்தது. மிதமிஞ்சி ஆடுவது குறைந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. நம் நாட்டில் 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜியைத் தடை செய்தார்கள். பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதையும் தடை செய்தார்கள். இந்தத் தடைகளுக்குச் சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பு, மனநலம் அல்ல. ஆனால் ஆட்டம் மாறியதே தவிர ஆடுகிறவன் மாறவில்லை என்பதை எந்த வகுப்பறையிலும் பார்த்திருக்கலாம். பணம் கட்டி ஆடும் ரம்மி வகை வேறு விசயம். அங்கே குடும்பமே மூழ்குகிறது. தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியதும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ததும் சரி என்றே நினைக்கிறேன்.

கொடுமையான வழிகளும் உண்டு. சீனாவில் பிள்ளைகளை முகாமில் அடைத்து ராணுவப் பயிற்சி கொடுத்தார்கள். லின்யி என்ற ஊரின் மருத்துவமனை ஒன்றில் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். 2009-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே அதை நிறுத்தச் சொன்னது. அதே வருசம் ஒரு முகாமில் சேர்த்த மறுநாளே ஒரு சிறுவன் அடிபட்டு இறந்துபோனான். இதை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. "ஹாஸ்டல்ல போட்டு அடிச்சுத் திருத்துற இடம் இருக்காம்" என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நினைப்பை அன்றைக்கே விடச் சொன்னேன்.

சிகிச்சையின் குறைகளையும் அவரிடம் மறைக்கவில்லை. நம்பிக்கையோடு போய், ஏமாந்தால் பாதியில் விட்டுவிடுவார். ஜெர்மன் சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 26. எல்லோரும் ஆண்கள். தங்களுக்குச் சிக்கல் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு வந்தவர்கள். பதினாறு வயதில் இழுத்துக்கொண்டு வரப்படும் பையனுக்கு அதே எழுபது சதவீதம் என்று சொல்ல முடியாது. 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளிவந்த மற்றொரு தொகுப்பு, சிபிடி முடிந்த கையோடு கோளாற்றின் குறிகளும் மனச்சோர்வும் நன்றாகவே குறைகின்றன என்கிறது. ஆனால் அந்தப் பலன் மாதங்கள் கழித்தும் நிற்கிறதா என்பதற்குச் சான்று மெலிவு. ஆடும் மணி நேரம் குறைகிறதா என்பதற்கும் போதிய சான்று இல்லை. மாத்திரை என்று தனியாக இதற்கு ஒன்றும் கிடையாது. மனச்சோர்வோ, கவனக் குறைவுக் கோளாறோ உள்ளே இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார்கள். அது தணிந்தால் இதுவும் சில பிள்ளைகளிடம் தணிகிறது.

வளரும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெனீவாவில் நடந்தது, 2021-ல் வெளிவந்தது. 12 முதல் 19 வயது வரை 42 பேர். இரண்டு வகைக் குடும்பச் சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். இரண்டிலும் தாய் தகப்பனும் உட்கார வேண்டும். ஒரு வருசம் பின்தொடர்ந்தார்கள். இரண்டிலும் கோளாறு குறைந்தது, ஒன்றில் கூடுதலாக. ஆனால் பிள்ளைகள் ஆடிய நேரம் குறையவில்லை. முதலில் படித்தபோது நான் குழம்பினேன். ஆடும் நேரம் அப்படியே இருக்க, கோளாறு எப்படிக் குறையும்? அந்த முதல் மூன்று கேள்விகளுக்குத் திரும்பிப் போனால் விளங்கும். பிடி கைக்கு வந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் எழுகிறான், பரீட்சைக்கு முதல் நாள் விடுகிறான், பொய் சொல்வதில்லை. இன்னொரு விசயமும் அதில் இருந்தது. தொடக்கத்தில் பெற்றோர் 'பெரிய பிரச்சினை' என்றார்கள், பிள்ளைகள் 'ஒன்றுமே இல்லை' என்றார்கள். போகப் போக அந்த இடைவெளி குறைந்தது. குறைந்தது பிள்ளைகள் இறங்கி வந்ததால் இல்லை, பெற்றோரின் மதிப்பீடு தணிந்ததால்.

"அப்ப வைத்தியம் எனக்கும் சேர்த்தா சார்?"

"உனக்கும் சேர்த்துத்தான்."

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014-ல் இதற்கென்றே 'ஷட்' என்ற பெயரில் கிளினிக் தொடங்கினார்கள். இந்தியாவில் இந்த வகையில் முதலாவது அதுதான். டெல்லி எய்ம்ஸில் ஒன்று இருக்கிறது. கேரளத்தில் காவல்துறையே டி-டாட் என்ற பெயரில் சில நகரங்களில் மையம் நடத்துகிறது. ஆனால் தினக்கூலி போகும் குடும்பம் வாரா வாரம் பெங்களூருக்கு ரயில் ஏற முடியாது, ஏறவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்ற இலவச எண் 14416 இயங்குகிறது, இரவு பகல் எப்போதும், தமிழில் பேசலாம். முதல் தடவை அவர் அந்த எண்ணுக்குத்தான் பேசினார், இந்த பெஞ்சிலிருந்தே. நான் எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டேன்.

பையன் வர மறுத்தான். 'நான் பைத்தியமா?' என்றான். கேமைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "ராத்திரி தூக்கம் வரல, தலைவலிக்குதுன்னு சொல்றியே, அதைக் காட்டிட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். பொய் இல்லை, அவனுக்குத் தலைவலி இருந்தது.

முதல் அமர்வில் கவுன்சலர் போனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். "அங்க உன்ன என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். பையன் தலை நிமிர்ந்தான். அவனுக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. நாலு பேர் கொண்ட குழுவுக்கு அவன்தான் தலைவன். ஒருவன் சாத்தூர், ஒருவன் பாலக்காடு, ஒருவன் எங்கென்றே தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த மூன்று பேரும் அவனுக்காகக் காத்திருப்பார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டி, ஆன்லைன் வகுப்புக்கென்று போன் கைக்கு வந்தபோது அவன் ஆறாம் வகுப்பு. திரும்பிப் பள்ளிக்கூடம் போனபோது கடைசி பெஞ்சு. அங்கே யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

இதை என்னிடம் சொல்லும்போது தகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன்றரை வருசமா எத்தனையோ கேட்டேன் சார். இதை மட்டும் கேக்கல."

சிகிச்சை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டம் அவனுக்கு என்ன கொடுத்தது என்று தெரியாமல் அதை எடுத்தால் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சும். சித்திரையில் கரிசல் பிளந்து கிடப்பதுபோல, கால் வைத்தால் உள்ளே போகும். தகப்பன் அவசரப்பட்டு ஒரு ஹாக்கி மட்டை வாங்கி வந்தார். கோவில்பட்டி ஹாக்கி ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பிள்ளைதான். ஆனால் மட்டை கதவுக்குப் பின்னாலேயே சாத்திக் கிடந்தது. பையனுக்கு அதில் மனம் போகவில்லை. கவுன்சலர் சொன்னாராம், "விளையாட்டு எதுவா இருந்தா என்ன, அவனுக்காகக் காத்திருக்கிற நாலு பேர் வேணும்." அது தெருவிலேயே இருந்தது. கோவில் பொட்டலில் சாயங்காலம் கபடி பழகும் பையன்கள். ஒரு ஆள் குறைந்த நாளில் கூப்பிட்டார்கள். போனான். மறுநாளும் கூப்பிட்டார்கள்.

பத்து அமர்வு வரை போனார்கள். நடுவில் மூன்று வாரம் போகவில்லை. தீபாவளிக்கு முன்னால் மிட்டாய் ஆர்டர் நெருக்கம், லீவு போட முடியவில்லை. தீபாவளி விடுமுறையில் பையன் மறுபடி விழுந்தான். மூன்று ராத்திரி. தகப்பன் நொறுங்கிப்போய் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு சார்." நான் சொன்னதைவிட கவுன்சலர் சொன்னதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. இப்படி நடக்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி, அப்போது என்ன செய்வது என்பதைப் பையன் கையாலேயே நோட்டில் எழுத வைத்திருந்தார். நாலாவது நாள் காலையில் பையனே அந்தப் பக்கத்தைத் திறந்து தாயிடம் காட்டியிருக்கிறான். போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணி வரை அவளோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்திருக்கிறான். அவளைத் தள்ளிவிட்டதற்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டானாம்.

இப்போது தை முடியப்போகிறது. அவன் ஆட்டத்தை அடியோடு விடவில்லை. சனி, ஞாயிறில் ஆடுகிறான். அந்த நாலு பேர் குழுவில் தலைவன் பதவியைப் பாலக்காட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். அரையாண்டில் ஒரு பாடம் போச்சு. ராத்திரி பதினொன்றுக்குத் தூங்குகிறான். இதைக் குணம் என்று சொல்லலாமா என்று தகப்பன் கேட்டார். ஒரு வருசம் போகட்டும் என்றேன். என் மனசுக்கு நல்லதாகத்தான் படுகிறது.

நேற்று அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். கவுன்சலர் அவருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். போனையும் மார்க்கையும் தவிர்த்து, மகனோடு தினம் ஒரு விசயம் பேசி, அதைக் குறித்துவைக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கோடு மட்டும்தான் இருந்தது. 'என்ன பேசன்னு தெரியல சார்' என்று அப்போதே சொன்னார். கீழே வர வர வரிகள் இருந்தன. ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பரிச்சயமான அதே கையெழுத்து, அதே சாய்வு. கபடியில் முட்டி தேய்ந்தது. பாகு பதம் கேட்டான், சொன்னேன். அவங்க அம்மாவுக்குச் செருப்பு வாங்கணும்னான். உளுந்துல மஞ்சத் தேமல் விழுந்திருக்குன்னு அவனே வந்து சொன்னான்.

காகிதத்தைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீக்குக் காசு கொடுத்தார்.

"இன்னைக்குள்ளது இன்னும் எழுதல சார்" என்று சைக்கிளை எடுத்தார்.